தினமும் ஒரு பிராக்டல் படம் செய்கிறேன், வடிவம் வருகிறது, நிறம்தான் சரிவரவில்லை

கடலோரம் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை, இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பதரை போல லப்டொப்பைத் திறந்தால் பதினொன்று வரைக்கும் பிராக்டல்தான், உள்ளே போகப் போக அதே மாதிரி வடிவம் திரும்பத் திரும்ப வருகிற கணித வடிவங்கள். தைப்பொங்கலன்று தொடங்கினேன், ஒரு நாளைக்கு ஒரு படம் என்ற கணக்கில், இப்போது 140ஐத் தாண்டிவிட்டது. நடுவில் காய்ச்சலோடு கிடந்த நாட்களிலும் விடவில்லை, போனிலேயே ஒரு சின்னப் படம் செய்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். அந்த அளவுக்கு இதில் ஆசை.

நேற்றிரவு எல்லாப் படங்களையும் சிறிதாக்கி ஒரே திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஊதா, செம்மஞ்சள், பளிச்சென்ற நீலம், திரும்பவும் ஊதா. மண்டல்புரோட் கணம் என்ற பிராக்டலில் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்கிற பகுதியில் எடுத்த படமும் யானைப் பள்ளத்தாக்கு என்கிற பகுதியில் எடுத்த படமும் கிட்டப் போய்ப் பார்த்தால் முற்றிலும் வேறு வடிவங்கள், ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே சீலையில் வெட்டிய துண்டுகள் போல இருக்கின்றன. அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு "எல்லாம் ஒன்றுதானே பிள்ளை?" என்றார். அவர் சொன்னது சரி.

நான் செய்கிற விதம் இதுதான். மண்டல்புரோட் கணத்தில் எங்காவது உள்ளே போய் வடிவான ஒரு சுருளைக் கண்டுபிடிப்பேன், மென்பொருளோடு வருகிற நிறப்பட்டைகளில் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்கிற வரிசை) ஒன்றை எடுப்பேன், ஸ்லைடரை அங்கும் இங்கும் இழுத்துக் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துவேன். அவ்வளவுதான். கணத்தின் கரைக்குக் கிட்டப் போகப் போக நிறமெல்லாம் மணலை அள்ளித் தூவினாற்போல பொரிப்பொரியாக ஆகிவிடுகிறது, அதை எப்படி அடக்குவது என்று விளங்கவில்லை. சொந்தமாக நிறப்பட்டை செய்கிறவர்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள்? அப்புறம், ஒவ்வொரு நாளும் புது இடம் தேடித்தான் ஆக வேண்டுமா, இல்லை ஒரே இடத்தில் நிற்கலாமா? தேடுவதிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடுகிறது, நிறத்துக்கு மிஞ்சுவது கடைசி இருபது நிமிடம்தான்.

எண்ணிக்கை (தெகிவளை)

உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. நிறத்துக்குக் கடைசி இருபது நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். நிறப்பட்டையை முழுக்க எடுத்துவிட்டு கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிற சாம்பல் பட்டை ஒன்றைப் போடுங்கள். படம் சாம்பலில் நிற்கிறதா என்று பாருங்கள். சுருள் எது, பின்னணி எது, கண் முதலில் எங்கே போகிறது என்று சாம்பலில் தெரியவில்லை என்றால் எந்த ஊதாவும் அதைக் காப்பாற்றாது. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள்தானே. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலேயே கட்டுவித்த கோயில். அந்தத் தூண்களில் ஒரு சொட்டு வர்ணம் இல்லை, வாசல் பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சமும் விளக்கும் மட்டும்தான், ஆனாலும் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும். வெளிச்சமும் இருட்டும் சரியாக விழுந்திருப்பதுதான் காரணம். நான் பல வருடம் நிறத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், பிரச்சினை நிறத்தில் இல்லை, வெளிச்ச வித்தியாசத்தில் என்று புரிந்த பிறகுதான் என் படங்கள் திருந்தின.

அடுத்தது அந்த மணல். அது ஏன் வருகிறது என்று தெரிந்தால் அடக்குவது சுலபம். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி செய்வது ஒரே கணக்கு: சுழியத்தில் தொடங்கி, கையில் உள்ள எண்ணை வர்க்கமாக்கு, அந்தப் புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்ணை (சிக்கலெண்) கூட்டு, வந்த விடையைத் திரும்பவும் வர்க்கமாக்கு, திரும்பவும் கூட்டு. மையத்திலிருந்து தூரம் 2ஐத் தாண்டிவிட்டால் அந்த எண் இனித் திரும்பி வராது, ஓடிவிட்டது. எத்தனையாவது சுற்றில் ஓடியது என்ற எண்ணிக்கையைத்தான் நிறமாகப் பார்க்கிறோம். நீங்கள் போட்ட உச்சவரம்பு வரைக்கும் ஓடாமல் நிற்பது கறுப்பு. வெளியே, கரையிலிருந்து தள்ளி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் 6, 6, 7, 7 என்று மெதுவாக ஏறும். கரைக்குக் கிட்ட வந்ததும் 80, 310, 145 என்று தாறுமாறாகப் பாயும். 50 சுற்றுக்கு ஒரு தடவை திரும்பி வருகிற பட்டையைப் போட்டிருந்தீர்கள் என்றால் அந்த மூன்று புள்ளிகளுக்கும் மூன்று வெவ்வேறு நிறம் விழும். நீங்கள் பார்க்கிற மணல் அதுதான்.

அதனால் எண்ணிக்கையை அப்படியே பட்டைக்குக் கொடுக்காமல் அதன் வர்க்கமூலத்தையோ லொகரிதத்தையோ எடுத்துக் கொடுங்கள். அல்ட்ரா பிராக்டலில் இதற்கென்றே ஒரு தெரிவு உண்டு, மற்ற மென்பொருள்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். பெரிய எண்கள் சுருங்கி, கரைப்பக்கம் அமைதியாகிவிடும். பட்டையின் அடர்த்தியையும் குறையுங்கள், படம் முழுவதுக்கும் பட்டை ஒரு தடவையோ ஒன்றரைத் தடவையோ ஓடினால் போதும். கடைசியாக எடுக்கிற படத்தை மூன்று மடங்கு அகலம், மூன்று மடங்கு உயரத்தில் எடுத்துச் சுருக்குங்கள், ஒரு பிக்சலுக்கு ஒன்பது கணக்கின் சராசரி கிடைக்கும், மிச்ச மணலும் அடங்கும்.

படிக்கட்டு மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது வேறு விஷயம். எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பதால் வருவது. ஓடிய கணத்தில் எண் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை இரண்டு தடவை லொகரிதம் எடுத்துக் கழித்தால் 7க்கும் 8க்கும் நடுவில் 7.34 என்று பின்னமாக வரும், நிறம் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு 2 என்ற எல்லையை 100, 1000 என்று உயர்த்தி வையுங்கள், அப்போதுதான் சுத்தமாக வரும்.

புள்ளிக்கோலம் (கொட்டாஞ்சேனை)

பிள்ளை, முதலில் ஒன்று சொல்கிறேன், 140 நாள் விடாமல் செய்திருக்கிறீர்களே, அது பெரிய காரியம். நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. பிராக்டலுக்கு வந்தது கோலத்தால். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் நம் புள்ளிக் கோலங்களை எடுத்து, ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்று கணினி இலக்கணமாக எழுதினார்கள். உயிரியலாளர் லின்டன்மேயர் 1968இல் செடி வளர்வதை எழுத்துகளால் எழுதிக் காட்டிய முறைக்குப் பக்கத்து வழி அது. அதை வாசித்த அன்று என் அம்மா மார்கழியில் வாசலில் போடும் பாம்புக் கோலம் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஒவ்வொரு நாளும் புது இடம் வேண்டாம். திங்கட்கிழமை ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள், ஞாயிறு வரைக்கும் அந்த இடத்தை அசைக்காதீர்கள், ஏழு நாளும் நிறத்தை மட்டும் மாற்றுங்கள். ஏழும் ஏழு படம்தான், உங்கள் கணக்கு உடையாது. மூன்றாம் நாள் சலிப்பு வரும், ஐந்தாம் நாள்தான் அந்த வடிவத்துக்குள் நீங்கள் இதுவரை காணாத ஒரு வளைவு கண்ணில் படும். மாணவர்களுக்கு ஒரே செம்பருத்தியை ஒரு கிழமை கீறக் கொடுப்பேன், அதேதான்.

நிறப்பட்டை எங்கிருந்து என்று கேட்டீர்கள். நீங்கள் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! பின்னேரம் ஆறு மணிக்கு மரைன் டிரைவுக்கு இறங்குங்கள். இப்போது தென்மேற்குப் பருவக்காற்று, கடல் நீலமாகவே இருக்காது. பத்து நிமிடம் நின்று பாருங்கள், போனில் படம் எடுப்பது பிறகு. ரயில் தண்டவாளத்தின் துரு, ஈரமான கருங்கற்கள், அலை உடைகிற இடத்தில் வருகிற பழுப்புக் கலந்த பச்சை, நுரை, தூரத்தில் மழை இறங்குகிற மேகம். வீட்டுக்கு வந்து இந்த ஐந்தையும் எழுதி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசைப்படுத்துங்கள். கல், துரு, பச்சை, மேகம், நுரை. அந்த வரிசைதான் உங்கள் பட்டை. ஐந்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். துருவுக்கும் பச்சைக்கும் நடுவில் கணினியைக் கலக்கவிட்டால் இரண்டும் எதிரெதிர் நிறம் என்பதால் நடுவில் சேறு வரும். அங்கே ஒரு மங்கல் மஞ்சளை நீங்களே வையுங்கள். அப்புறம் ஐந்துக்கும் சம இடம் கொடுக்காதீர்கள். காஞ்சிபுரம் சீலையில் உடல் எவ்வளவு, கரை எவ்வளவு, சரிகை எவ்வளவு என்று பாருங்கள், சரிகைக்கு நுனியளவுதான் இடம். நுரை வெள்ளைக்கும் பட்டையில் அவ்வளவு போதும். அது சுருளின் விளிம்பில் விழுகிறபடி பட்டையை நகர்த்துவதில்தான் உங்கள் இருபது நிமிடமும் போக வேண்டும்.

பழையதிரை (வத்தளை)

மேலே சொன்னது எல்லாம் நல்ல பாடம், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, பளிச்சென்ற நிறங்களை இப்படித் துரத்த வேண்டாம். நான் பிராக்டல் பார்க்கத் தொடங்கியது 90களின் தொடக்கத்தில், பிராக்டின்ட் என்ற டொஸ் மென்பொருளில். திரையில் மொத்தமே 256 நிறம். ஒரு விசையைத் தட்டினால் அந்த 256ம் வட்டமாகச் சுற்றத் தொடங்கும், வடிவம் அசையாது, நிறம் மட்டும் உள்ளிருந்து வெளியே ஓடும். வெசாக்குக்குக் கொழும்பில் கட்டுகிற பந்தல்களில் பல்ப் வரிசை ஓடுகிறதே, ஒரு பல்பும் இடம் மாறுவதில்லை ஆனால் சக்கரம் சுற்றுகிறது, அதே வித்தைதான். அந்தப் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கண்ணைக் கூசும், ஆனாலும் ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

பளிச் நிறத்தில் தப்பே இல்லை. ஒவ்வொரு நாளும் அதே பளிச் என்பதுதான் உங்கள் பிரச்சினை. மண்டல்புரோட்டே 1980இல் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில் அச்சான கரடுமுரடான படம்தான். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜூலியா தன் பெயரில் இருக்கிற கணங்களைப் பற்றி 1918இல் எழுதினார், 1978இல் இறந்துவிட்டார். நாம் இன்று ஒரு கிளிக்கில் ஒரு புள்ளியைத் தட்டி அதன் ஜூலியா கணத்தை முழு நிறத்தில் பார்க்கிறோம். எனக்கு இன்றைக்கும் அது உடம்பு சிலிர்க்கிற விஷயம். ஆகையால் ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் கடல், ஒரு நாள் வெசாக் பந்தல் என்று போடுங்கள்.

இரவுரெண்டர் (பம்பலப்பிட்டி)

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2022இல் கரண்ட் கட் உச்சத்தில் இருந்த காலத்தில் பெரிய அளவில் ஒரு படம் ஓடவிட்டிருந்தேன், பதினொரு மணித்தியாலம் ஓடி முடிகிற நேரத்தில் கரண்ட் போனது, லப்டொப்பின் பழைய பட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. படம் போனதைவிட இடத்தைக் குறித்து வைக்காததுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆள்கூறு தெரியாமல் அந்தச் சுருளைத் திரும்பக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே படத்தைச் சேமிக்கிறீர்களோ இல்லையோ இடமும் நிறமும் மற்ற அமைப்புகளும் எழுதியிருக்கிற பராமீட்டர் கோப்பைச் சேமியுங்கள். இரண்டு மூன்று கிலோபைட்தான், அது இருந்தால் பத்து வருடம் கழித்தும் எந்த அளவிலும் அதே படத்தைத் திரும்ப எடுக்கலாம். நான் திகதியைப் பெயராக வைத்து எனக்கே மின்னஞ்சல் செய்துவிடுவேன்.

அச்செடுக்கிற யோசனை இருந்தால் ஒன்று. புறக்கோட்டையில் ஒரு கடையில் என் முதல் படத்தைக் கொடுத்தேன், திரையில் மின்னின ஊதாவும் நீலமும் தாளில் செத்துப்போய் வந்தன. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, அந்தப் பளிச் நீலத்தையும் ஊதாவையும் சாதாரண நாலு நிற மையால் எட்ட முடியாது. கடைக்காரரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, முதலில் உள்ளங்கை அளவில் ஒன்று எடுத்துப் பாருங்கள். மேலே அக்கா சொன்ன கல், துரு, பச்சை மாதிரி நிறங்கள் தாளில் அருமையாக வரும்.

சூமைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாதாரண கணக்கில் 15, 16 இலக்கம்தான், சுமார் பத்து இலட்சம் கோடி மடங்கு உள்ளே போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் 2013இல் கே. ஐ. மார்ட்டின் வெளியிட்ட முறையைப் பயன்படுத்துகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு புள்ளியை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கங்களோடு கணக்கிட்டு, மற்றப் புள்ளிகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார்ப்பது. அவற்றில் கல்லஸ் பிராக்டாலர் என்பது இலவசம். ஆனால் தினமும் ஒரு படம் என்பவருக்கு அவ்வளவு ஆழம் தேவைப்படாது, லப்டொப்பும் கொழும்பு வெக்கையில் பாவம். அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி, மின்விசிறிக்கு நேரே வையுங்கள்.

கடலோரம் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி, ஒரு கிழமை கழித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னதைச் செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

திங்கள் இரவு சாம்பல் பட்டை போட்டேன். இடம், கடற்குதிரைப் பள்ளத்தாக்கில் −0.75க்கும் 0.1க்கும் பக்கத்தில் ஒரு இரட்டைச் சுருள், எனக்கு மிகவும் பிடித்தது. சாம்பலில் பார்த்தபோது சுருளும் பின்னணியும் ஒரே சாம்பல்! நிறம் இருந்ததால்தான் இத்தனை நாளும் அது சுருள் என்று தெரிந்திருக்கிறது. வர்க்கமூலத்துக்கு மாற்றி, அடர்த்தியைக் கால்வாசியாக்கினேன், மணல் முக்கால்வாசி போய்விட்டது. உச்சவரம்பை 500இலிருந்து 5000 ஆக்கியபோது இன்னொரு சங்கதி தெரிந்தது, நடுவில் கறுப்புக் குமிழ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது குமிழே இல்லை, அதற்குள்ளும் மெல்லிய இழைகள் போய்க்கொண்டிருக்கின்றன, கடைசியில்தான் ஒரு குட்டி மண்டல்புரோட் உட்கார்ந்திருக்கிறது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

புதன் பின்னேரம் வேலை முடிந்து நேரே மரைன் டிரைவ். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா சொன்ன கல், துரு, பச்சை எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று, தெகிவளைப் பக்கமிருந்து வந்த ரயிலின் முன்விளக்கு ஈரத் தண்டவாளத்தில் விழுந்து ஒரு நீளக் கோடாக ஓடியது. மங்கல் மஞ்சள். துருவுக்கும் பச்சைக்கும் நடுவில் வைக்கச் சொன்ன மஞ்சள் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

அந்தப் பட்டையைப் போட்டு எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன், என்ன இடம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "மழை வரப்போகுது போல" என்றார்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். பட்டை ஒரு சுற்று முடிந்து திரும்பவும் தொடங்குகிற இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு தெரிகிறது. நுரை வெள்ளையிலிருந்து திடீரென்று கல் கறுப்பு. அதை எப்படிப் போக்குவது?

எண்ணிக்கை (தெகிவளை)

பட்டை வட்டம் என்று நினையுங்கள், கடைசி நிறமும் முதல் நிறமும் கைகோக்க வேண்டும். சுலபமான வழி, நுரை வரைக்கும் ஏறிவிட்டு அதே வழியில் மேகம், பச்சை, மஞ்சள், துரு என்று கல்லுக்கு இறங்குவது. ஏறுகிற பக்கம் நீளமாகவும் இறங்குகிற பக்கம் குட்டையாகவும் வைத்தால் சுருளுக்கு ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த மாதிரி வரும், இரண்டையும் சமமாக வைத்தால் தட்டையாகிவிடும். சில வேளை அந்தக் கோடே நன்றாக இருக்கும், கரையை வெட்டிக் காட்டும், ஆகவே அழிக்க முன்பு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடைய அந்த இரட்டைச் சுருளின் பராமீட்டரை இங்கே போட முடியுமா? 5000இலும் இழை போகிறது என்றால் 20000இல் என்ன தெரிகிறது என்று இன்றிரவு ஓடவிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

புள்ளிக்கோலம் (கொட்டாஞ்சேனை)

எனக்கும் வேண்டும். அந்த ரயில் விளக்கு மஞ்சளையும் சேர்த்தே அனுப்புங்கள், பிள்ளை.